தேதி இல்லாத மீஸான்

கராம்பு கிள்ளுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது உள்ளங்கையால் ஒரு திருகு திருகினால் மொட்டு வேறு, காம்பு வேறாகக் கழன்று சுளகில் விழும். அக்குறணையில் மாத்தளை வீதியை விட்டு மேலே ஏறும் எங்கள் ஒழுங்கையில் வருடக் கடைசி வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். எல்லோரும் வலது கையால் திருகுவார்கள். பக்கத்து வீட்டுக் கைரியா மட்டும் இடது கையால், அதுவும் உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்தித் திருகுவாள். மிளகு உதிர்க்கும் மெஷினில் வலது பெருவிரல் நசுங்கிய நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். "என்ன, ரொட்டிக்கு மாவா கொழைக்கிற?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேலி செய்வேன். "ஒங்களுக்கு ரெண்டு கையும் நல்லா ஈக்கி, ஒரு சுளகு முடிச்சீங்களா?" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

பிறகு மின்ஹா என்று ஒரு பெண் வந்தாள். அவளை நாங்கள் நம்பியது இந்தக் கைப்பழக்கத்தை வைத்துத்தான். அதனால்தான் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

நான் அன்னலட்சுமி. என் வீட்டுக்காரர் சுந்தரலிங்கம் கண்டி மாநகர சபையில் வேலை பார்க்கிறார். அந்த ஒழுங்கையில் எங்கள் வீடு ஒன்றுதான் தமிழ் வீடு. மற்றதெல்லாம் முஸ்லிம் வீடுகள். கைரியாவின் வீட்டுக்காரர் மஹ்மூத் நானா கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவர். பூஜாபிட்டிய, கலகெதர என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, சின்ன லொறியில் மூட்டைகளோடு வருவார். அவர் சிங்களத்தில் பேரம் பேச ஆரம்பித்தால் தோட்டக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு விலையைக் குறைப்பார்கள். ஒரே மகள் பஸ்லினா. பதினைந்து வயது. போனைக் கையிலிருந்து பிடுங்கினால்தான் அவள் கைக்கு விரல் இருப்பதே தெரியும்.

அது கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த வருடக் கடைசி. கொரோனாவில் செத்தால் யாராக இருந்தாலும் எரிக்க வேண்டும் என்பது அந்த வருடத்துச் சட்டம். புதைத்தால் நிலத்தடித் தண்ணீர் கெட்டுப்போகும் என்றார்கள். உலகமெல்லாம் புதைக்கிறார்களே, அங்கெல்லாம் தண்ணீர் இல்லையா என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. நாங்கள் எரிக்கிறவர்கள். தீயை நான் குறை சொல்ல மாட்டேன். என் அப்பாவுக்கு என் தம்பி கொள்ளி வைத்தபோது அது மரியாதை. மஹ்மூத் நானாவுக்கு அது மரியாதை இல்லை. இது விளங்குவதற்கு ஒருவர் பெரிய டொக்டராக இருக்கத் தேவையில்லை. மாத்தளை வீதி நெடுகிலும் வேலிகளில் வெள்ளைத் துணிக் கீற்றுக்களைக் கட்டி வைத்திருந்தார்கள். கபன் துணி. பிணத்துக்குப் போர்த்துகிற துணியைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். வாய் திறந்து கேட்க முடியாததைத் துணியால் கேட்டார்கள்.

மஹ்மூத் நானாவிடம் சொந்தமாகவே ஒரு கபன் இருந்தது. உம்ராவுக்குப் போனபோது மக்காவில் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிற ஆட்களிடம் அந்தப் பழக்கம் உண்டு. அதை அலுமாரியின் மேல் தட்டில், கராம்பு தூவி மடித்து வைத்திருந்தார். "கோட்டு சூட்டு தச்சு வச்சீக்கி. போட்டுக்கொண்டு போறதுதான் பாக்கி" என்று எங்களுக்கே சொல்லிச் சிரிப்பார்.

அவர் படுத்துவிட்ட செய்தி எனக்கு வேலியில்தான் தெரிந்தது. இரண்டு நாளாக லொறி அசையவில்லை. கைரியா கண் வீங்கி வந்து நின்றாள்.

"அக்கா, யாரும் கேட்டா அவரு மாத்தளைக்குப் போன எண்டு செல்லுங்க."

"உள்ள இருமுறது யாரு? மாத்தளையா இருமுது?"

அவள் சிரிக்கவில்லை. "காய்ச்சல். வாசனையும் தெரியாதாம். கராம்ப மூக்குல வச்சுப் பாத்தாரு, ஒண்டும் தெரியல்ல எண்டு செல்ற."

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் கைரியா. வெளயாடாத."

"கொண்டு போனா திரும்பி வாராட்டி? எரிக்கிற அக்கா. எனக்குக் காட்டவும் மாட்டாங்க. பெட்டில போட்டு அடிச்சு எரிக்கிற." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். "வீட்டுல வச்சு மருந்து குடுக்கிற. கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிற. ஆவி புடிக்கிற. அல்லாஹ் சுகமாக்குவான்."

ஆஸ்பத்திரியைக் கண்டு ஒரு பெண் இப்படி நடுங்குகிற காலம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அன்று முதல் நானும் மாத்தளைக் கதையைச் சொன்னேன்.

மின்ஹா வந்தது அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கைரியாவின் காணி மேல் மூலையில், என் வேலியோரமாக, நாலு மரவள்ளித் தடி மட்டும் நின்ற இடத்தை ஒரு பெண் பார்த்தபடி நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். முக்காடு போட்டிருந்தாள். முகத்தில் மாஸ்க் இல்லை.

"யாரும்மா நீ? மாஸ்க் போடாம ஊர் சுத்துற?" என்றேன்.

"மாஸ்க்?" என்று கேட்டாள். நடிக்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். "இங்க ஒரு கராம்பு மரம் ஈக்கணுமே. பெரிய மரம். ஓம், இந்த மூலதான். என்னோட வாங்க, பாருங்க, அந்தக் கல்லுக்கட்டு கூட அப்பிடியே ஈக்கி."

எனக்கு அவள் தமிழ் பிடிபடவில்லை. எங்கள் ஆட்கள் மாதிரி 'வாங்க', கைரியா மாதிரி 'ஈக்கி', யாழ்ப்பாணத்தார் மாதிரி 'ஓம்'. நாலு வீட்டுச் சோற்றை ஒரே சட்டியில் குழைத்த மாதிரி இருந்தது.

சத்தம் கேட்டுக் கைரியா ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "எம்.ஓ.எச். ஒபீஸ்ல இருந்தா வார?" என்றாள், சுகாதார அதிகாரிகள் ஆள் தேடி வந்துவிட்டார்கள் என்று நினைத்து. உள்ளேயிருந்து இருமல் வந்தது. உடனே தானும் இருமினாள், அந்த இருமலை மூடுகிற மாதிரி.

"நான் எந்த ஒபீஸும் இல்ல. மின்ஹா. ஒங்கட புள்ளைதான், உம்மும்மா." பாட்டியைத்தான் அவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள்.

"எனக்கு நாப்பது வயசு. என்னப் பாத்தா ஒனக்கு உம்மும்மா மாதிரியா ஈக்கி?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மழை மறுபடியும் வலுத்தது. கைரியா வானத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். யாராக இருந்தாலும் வழிப்போக்கராக வந்தவரை மழையில் நிறுத்திவைக்க அவளுக்கு வராது. "முஸாபிரா வந்த புள்ள. கொட்டிலுக்குள்ள இரி. கிட்ட வராத" என்று சொல்லிவிட்டு இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவரப் போனாள்.

கராம்பு காய்கிற கொட்டில் என் வேலிக்கு எதிரே இருந்தது. நான் என் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்து அவளைக் காவல் காத்தேன். அவள் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சுளகை இழுத்து ஒரு கொத்தை எடுத்தாள். வலது கையில் பிடித்து, இடது உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்தித் திருகினாள். மாவு குழைக்கிற மாதிரி.

தேத்தண்ணியோடு வந்த கைரியா நடையிலேயே நின்றுவிட்டாள்.

"இத ஒனக்கு யாரு பழக்கின?"

"உம்மா. உம்மாக்கு அவங்கட உம்மா. எங்கட வீட்டுல எல்லாரும் இப்பிடித்தான் கிள்ளுற."

"ஒண்ட வலது கைக்கு என்ன?"

"ஒன்றும் இல்லையே." விரித்துக் காட்டினாள். நல்ல கை. "ஏன் இப்பிடி எண்டு யாருக்கும் தெரியா. வெளியாக்கள் பாத்தாச் சிரிப்பாங்க. எங்கட பரம்பரைப் பழக்கம் எண்டு நாங்க செல்லுவம்."

கைரியா தன் நசுங்கிய பெருவிரலை மெதுவாக நீட்டினாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். பிறகு அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கிட்ட வராதே என்று சொன்னது இருவருக்குமே மறந்துபோயிற்று.

அவள் எப்படி வந்தாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு தரம் சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. போனில் படம் எப்படி வருகிறது என்றே எனக்கு இன்னும் விளங்கவில்லை. வந்த தூரம் நாட்டுக் கணக்கில் இல்லை, பரம்பரைக் கணக்கில் என்பது மட்டும் விளங்கியது. பஸ்லினாவின் பிள்ளைக்குப் பிள்ளை, அதற்கும் பிள்ளை. கிழவியாகப் போகிற பஸ்லினா அந்த நேரம் கதவு நிலையில் சாய்ந்து நின்று, "அப்ப என்ட மாப்பிள யாரு?" என்று கேட்டாள். கைரியா உள்ளே போகச் சொல்லிக் கத்தினாள்.

அவளுடைய காலத்தைப் பற்றிக் கேட்டோம். பறக்கிற வண்டி, பேசுகிற சுவர் என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் சொன்னதெல்லாம் சின்ன விஷயங்கள். அக்குறணைக் கடைகளுக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறுவதில்லை. போலீஸ் மறித்தால் யாரும் எச்சில் விழுங்குவதில்லை. ஒரு ஆளின் உடம்பை அந்த ஆளைக் கேட்காமல், செத்த பிறகும்கூட, யாரும் தொடுவதில்லை. சுகமில்லையென்றால் மாமி வீட்டுக்குப் போகிற மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போவார்களாம்.

"யாரும் ஒன்ன என்ன ஆள் எண்டு கேக்க மாட்டாங்களா?" என்றாள் கைரியா.

"என்ன ஆள் எண்டா?"

கைரியா காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே மூச்சு இழுக்கிற சத்தம் பெரிதாகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மஹ்மூத் நானா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "யாரு புள்ள அது? ஜன்னலத் தொறங்க" என்றார். மின்ஹா ஜன்னலடிக்குப் போய் அவரைப் பார்த்தவுடன் கைரியா பக்கம் திரும்பிக் கோபமாகக் கேட்டாள்.

"மாமி, இவருக்கு மூச்செடுக்க ஏலாம ஈக்கி. ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்ல?"

கைரியா சொன்னாள். சட்டம், பெட்டி, தீ எல்லாம் சொன்னாள். அந்தப் பெண் நம்பவில்லை. உண்மையாகவே நம்ப முடியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மனுசர் அப்பிடிச் செய்ய மாட்டாங்க. பயத்துல யாரோ செல்லியீக்கி" என்றாள்.

"சட்டம் போட்டுச் செய்யிறாங்கம்மா. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு" என்றேன்.

"இவர எரிக்க இல்ல. எனக்கு நல்லாத் தெரியும்." வேலியோர மூலையைக் காட்டினாள். "இவர்ட கப்ரு அந்தா, அங்க ஈக்கி. கராம்பு மரத்துக்குக் கீழ. சின்ன வயசுல இருந்து நான் பாத்து வளந்த கப்ரு. மீஸானும் ஈக்கி." கப்ரு என்றால் அடக்கம் செய்த குழி; மீஸான் அதன் தலைமாட்டில் நடுகிற கல். "கறுப்புக் கல்லு. மஹ்மூத் எண்டு பேர் மட்டும் கோணல் எழுத்துல வெட்டியீக்கி. பாசி புடிச்சுப் போகும், நாங்கதான் கழுவுவம். நான் வந்ததே அந்தப் பேருக்குரிய ஆளப் பாக்கத்தான்."

கைரியா அந்த மூலையையே பார்த்தாள். தகரத்தில் மழை கொட்டியது.

"ஏன் அங்க?" என்றாள் கைரியா. "எங்கட ஆக்கள் எல்லாரையும் பள்ளிவாசல் மையவாடியில தானே அடக்குற. இவர மட்டும் ஏன் காணிக்குள்ள?"

"அது தெரியா மாமி. எங்கட காலத்துல விரும்பின இடத்துல அடக்குவாங்க."

"எந்த வருசம் எண்டு ஈக்கா கல்லுல?"

"இல்ல. பேர் மட்டும்."

ஜன்னலுக்குள்ளிருந்து மஹ்மூத் நானா சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. இருமி முடித்து, ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கிச் சொன்னார். "கைரியா. எனக்குக் கப்ரு ஈக்காம். இந்தப் புள்ள பாத்தீக்கி. இனி என்ன பயம்? அம்புலன்ஸுக்கு அடி." பிறகு, "மரத்தடி எண்டா நல்லம். மொட்டுப் பொறுக்க வார புள்ளைகள் ஒரு பாத்திஹா ஓதிட்டுப் போகும்" என்றார்.

கைரியா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்த மனுஷன் ஊரெல்லாம் உரக்கச் சிரித்த மனுஷன், மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தக் கப்ரு நிஜமாக இருக்க வேண்டும் போலிருந்தது.

வெள்ளை உடுப்புப் போட்டு முகம் தெரியாத ஆட்கள் வந்தார்கள். மின்ஹா அவர்களுக்கு ஸலாம் சொன்னாள், நெருங்க வேண்டாம் என்று கத்தினார்கள். அவள் அடி வாங்கிய பிள்ளை மாதிரி பின்னால் போனாள். ஒழுங்கையில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மஹ்மூத் நானா கைரியாவைப் பார்த்துச் சொன்னார்:

"அலுமாரியப் பூட்டி வை. கோட்டு சூட்டுல பூச்சி புடிக்கப் போகுது."

வீட்டை அடைத்து வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். உள்ளே எத்தனை பேர் என்று சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. மாத்தயா, கேட்டபோது மின்ஹாவைக் காட்டி, "எங்கட புள்ள" என்றாள் கைரியா. நான் வேலிக்கு மேலாகச் சோறும் மரக்கறியும் மாசிச் சம்பலும் ஒரு வாளியில் கட்டி இறக்குவேன். சம்பலைச் சாப்பிட்டு மின்ஹாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கள் காலத்தில் இவ்வளவு உறைப்பு இல்லை என்றாள். அந்தச் சில நாட்கள் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. வார்டிலிருந்து மஹ்மூத் நானா இரண்டு தரம் போன் எடுத்தார். ஒக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பக்கத்துக் கட்டிலில் ஒரு சாமத்துரு, பௌத்த பிக்கு, இரண்டு பேரும் மிளகு விலை பேசுகிறோம் என்றார். "பாத்தீங்களா!" என்று மின்ஹா குதித்தாள்.

மூன்றாவது போன் வார்டிலிருந்து வேறு யாரோ எடுத்தது.

கைரியா கத்தவில்லை. கொட்டிலில் போய் உட்கார்ந்தாள். பஸ்லினாவின் அழுகைதான் என் வீடுவரை கேட்டது. நான் வேலிக்கு ஓடினேன். அங்கே மின்ஹா மண்வெட்டியோடு மூலையில் நின்றாள். மரவள்ளித் தடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிலத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். மூக்கைச் சிந்தி முக்காட்டில் துடைத்துக்கொண்டு வெட்டினாள்.

"என்னம்மா செய்ற?"

"கொண்டுவரப் போறாங்க. குழி தயாரா ஈக்கணும்."

கைரியா இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். "கொண்டு வார இல்ல மகள்."

"நான் பாத்தேனே மாமி! இதே இடம்!"

"வார இல்ல" என்றாள் மறுபடியும். மண்வெட்டி கையிலிருக்க அந்தப் பெண் அப்படியே நின்றாள். அவள் முகத்தில் நான் பார்த்ததை இன்னொரு முகத்தில் பார்க்க எனக்கு விருப்பமில்லை. மனிதர் இதைச் செய்வார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டை அடைத்திருந்ததால் யாரும் வெளியே போக முடியாது. கைரியாவின் தம்பி கொழும்பில், அங்கேயும் முடக்கம். எரிக்கிற இடத்தில் நிற்கச் சொந்தமென்று ஒரு ஆள் இல்லை. கைரியா என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, நீங்க மாநகர சபைதானே. ஒங்கள உடுவாங்க. அவர்ட பக்கத்துல நில்லுங்க. தனியா ஈக்க வேணா."

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு போனார். பொழுது சாய்கிற நேரம் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. பிறகு தானாகவே சொன்னார்.

"பெட்டிய எறக்குனாங்க. தூர நில்லுன்னாங்க. நான் செருப்பக் கழட்டிட்டு நின்னேன், வேற என்ன செய்யிறதுன்னு தெரியல. அவங்களுக்கு என்ன ஓதணும்னு எனக்குத் தெரியாதே அன்னம். கைரியாவுக்குப் போன் போட்டு சத்தத்தக் கூட்டி வச்சேன். கைரியா ஓத ஆரம்பிச்சிச்சு. நான் போனப் பெட்டிப் பக்கமா நீட்டிப் புடிச்சுக்கிட்டேன். கதவ மூடுற வரைக்கும் புடிச்சிருந்தேன்."

"அந்தக் கதவு சத்தம் அவளுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டிருக்கும். அதுக்குப் பெறகும் ஓதிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

சாம்பலைத் தருகிறோம் என்றார்கள். கைரியா வேண்டாம் என்றுவிட்டாள். "அது அவருதான் எண்டு யாரு செல்ற?" என்றாள்.

நோட்டீஸைக் கிழித்து வீட்டைத் திறந்துவிட்ட அன்று காலையில் நான் வேலிப் பொத்தலால் நுழைந்து அந்தப் பக்கம் போனேன். கைரியா அலுமாரியைத் திறந்து கபனை எடுத்து வெளியே வந்தாள். அதிலிருந்து காய்ந்த கராம்பு இரண்டு மூன்று தரையில் விழுந்தது. மின்ஹா வெட்டி விட்டிருந்த குழியை நானும் பஸ்லினாவும் ஆழமாக்கினோம். கைரியா துணியை விரித்து, ஒரு ஆளைச் சுற்றுகிற மாதிரியே மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளே ஒன்றுமில்லாமல் கட்டி, குழிக்குள் இறங்கித் தன் கையாலேயே வைத்தாள். வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்தபடி ரொம்ப நேரம் குந்தியிருந்தாள். அவ்வளவு நாளும் அழாதவள் அப்போது அழுதாள். குழியின் மேலே நின்ற எங்களுக்கு அவளை எப்படித் தூக்குவதென்று தெரியவில்லை.

மஹ்மூத் நானா கலகெதரவிலிருந்து கொண்டுவந்து கிணற்றடியில் பையோடு வைத்திருந்த கராம்புக் கன்று ஒன்று இருந்தது. குழியை மூடி அதைக் கால்மாட்டில் நட்டோம். ஆற்றிலிருந்து எடுத்து வந்து உடுப்புத் துவைக்கப் போட்டிருந்த கறுப்புக் கல்லைக் கைரியா உருட்டி வந்தாள். உளியை இடது கையால் பிடித்து, நசுங்கிய விரலுள்ள கையால் சுத்தியலைப் பிடித்து வெட்டினாள். எழுத்துக் கோணிக் கோணிப் போயிற்று. மின்ஹா ஒவ்வொரு எழுத்தாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சின்ன வயதிலிருந்து கழுவிய கல் அதுதான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பெயர் முடிந்தது. கைரியா உளியைக் கீழே வைத்தாள்.

"தேதியப் போடுங்க மாமி" என்றாள் மின்ஹா. "எப்பிடி மவ்த்தானார், என்ன செய்தாங்க, எல்லாம் எழுதுங்க. நான் அத வாசிச்சு வளந்தா வந்தவுடனே தெரிஞ்சீக்கும். அனுப்பச் செல்லியீக்க மாட்டன். என்ட வாயாலதானே அவரு போன?"

"ஒண்ட வாயால இல்ல. நீ வராட்டியும் கடசீல நான் அனுப்பித்தான் ஈப்பன். மூச்சு இழுக்கிறத எத்தின நாளைக்குப் பாத்துக்கொண்டு ஈக்கிற?"

"ஆனாலும் எழுதுங்க."

"எழுத மாட்டேன்னு மட்டும் சொல்லாத கைரியா" என்று நானும் கோபமாகச் சொன்னேன். "செஞ்சவங்க பேர் தெரியணும். இல்லாட்டி நாளைக்கு, அப்பிடி ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுவானுக."

கைரியா முக்காட்டால் கல்லைத் துடைத்தாள். "அக்கா, ஒங்களுக்கு அது சரி. நீங்க கோவப்படலாம். என்ட புள்ள நாளைக்கு இதே ரோட்டுல பஸ் ஏறணும். இதே ஆஸ்பத்திரில புள்ளப் பெறணும். அதுட புள்ளயும் அப்பிடித்தான். வாப்பாவ எரிச்ச ஆக்கள் எண்டு ஒவ்வொரு மொகமாப் பாத்துப் பாத்து வாழ ஏலுமா?" பிறகு மின்ஹாவைப் பார்த்தாள். "மகள், நீ அண்டைக்கு அந்த வெள்ள உடுப்புக்காரனுக்கு ஸலாம் சென்ன. பயமில்லாமச் சென்ன. அப்பிடி ஒரு புள்ள எங்கட வயித்துல வரணும் எண்டா, இது தெரியாமத்தான் வரணும்."

"தெரிஞ்சும் அப்பிடி வரலாம் மாமி."

"வரலாம். எனக்கு அந்தளவு நம்பிக்க இல்ல. நான் இந்தக் காலத்து ஆள்."

கைரியா செய்தது சரி என்று நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை; அவளிடம் மறுபடி கேட்கவும் இல்லை. கல்லை எல்லோருமாகத் தூக்கித் தலைமாட்டில் நட்டோம். பெயர் மட்டும்.

மின்ஹா அன்றே போய்விட்டாள். போகுமுன் அந்தக் கன்றடியில் உட்கார்ந்து ஓதினாள். வீடு அடைத்திருந்த நாட்களில் எங்கள் வேலியைத் தாண்டிக் கேட்ட சிரிப்பு அவளிடம் இருக்கவில்லை. ஒழுங்கையில் எதிரே வந்த பீ.எச்.ஐ. மாத்தயாவைக் கண்டவுடன் அவள் எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். அதை அவள் தன் காலத்துக்குக் கொண்டுபோயிருப்பாளே என்று எனக்கு இன்னும் வருத்தம்.

அடுத்த வருடம் மாசியில், இனிப் புதைக்கலாம், கிழக்கில் ஒரு இடத்தில் மட்டும் என்று அறிவித்தார்கள். செய்தி வந்தபோது நாங்கள் கொட்டிலில் கடைசிக் கொத்துக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். கைரியா ரேடியோவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அந்தச் சுளக இங்கால தள்ளுங்க அக்கா" என்றாள்.

பஸ்லினாவும் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். வாப்பா போனதிலிருந்து அவள் போனைத் தொடுவது குறைந்திருந்தது. ஒரு கொத்தை எடுத்தாள். வலது கையில் பிடித்து, இடது உள்ளங்கையின் அடிமேட்டால் அழுத்தித் திருகினாள்.

"ஒன் வலது கைக்கு என்னடி வந்திச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல ஆன்டி" என்றாள் அவள். "உம்மா இப்பிடித்தானே கிள்ளுற."